அழிக்க அழிக்க வளரும் பலகை

தெலுக் மெலாத்தி ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது ஆபீசுத் தலைமைக் குமாஸ்தா, அப்பளசாமிக்கு அந்தப் புதன்கிழமை இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ஒன்று, ஆபீசுக்கு எதிரே, வண்டி போகும் செம்மண் சடக்கோரமாக நின்ற வெள்ளைத் தகரப் பலகை. இன்னொன்று, ரமணியின் வாய்.

"துப்பறியிறவர் ஒருத்தர்தான் வருவார்னு சொன்னாங்க. இந்தப் பொண்ணு யாரு?" என்று அவர் உமாபதியைக் கேட்டார்.

"அவரு யோசிப்பாருங்க ஐயா. யோசிச்சு முடிக்கிற வரைக்கும் மத்தவங்க தூங்கிடாமப் பாத்துக்கிறது என் வேலை" என்றாள் ரமணி.

உமாபதி ராவாங்கில் ஒரு கடிகாரக் கடைக்கு மேலே அறை எடுத்துத் துப்பறிகிறவர். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. ரமணி அவருடைய உதவியாள். அதற்கு முன் மின்சாமான் தொழிற்சாலையில் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசி வேலையை விட்டவள். 'விட்டவள்' என்பது அவள் சொல்லும் கணக்கு. தொழிற்சாலையைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். சுங்கை சோவுக்குக் குடிபோகும் வரை அவளும் இதே மாதிரி ஒரு தோட்டத்தின் வரிசை வீட்டு லயத்தில் வளர்ந்தவள்தான். அதனால் கிராணி என்ற சொல்லைக் கேட்டாலே காரணமில்லாமல் கோபம் வரும். இந்தக் கிராணியைப் பார்த்ததும் காரணத்தோடேயே வந்தது.

"பலகையப் பாருங்க" என்றார் அப்பளசாமி.

பார்த்தார்கள். மேல் பாதியில் கம்பெனி கறுப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தது: இத்தோட்டத் தொழிலாளர்களுக்குள்ள வசதிகள். சுத்தமான குழாய்த் தண்ணீர். நாள் முழுதும் மின்சாரம். மருந்தகம். குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை. பலகை நட்ட நாளிலிருந்து அதில் ஓர் எழுத்து கூடியதில்லை, குறைந்ததில்லை. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அது பாட்டுக்கு அதையே சொல்லிக்கொண்டு நின்றது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் வாழை மரத்துக்குக்கூட அதைவிட அக்கறை உண்டு.

கீழ்ப் பாதி சும்மா கிடந்த வெள்ளை. போன மாதம் அந்த வெள்ளையின் அடிவிளிம்பில் செம்மண் நிறத்தில் ஒரு வரி முளைத்தது. மறுநாள் அதற்கு மேலே இன்னொரு வரி. அப்புறம் தினம் ஒன்று, கிழமை போட்டு. பழசு அதனதன் இடத்தில் நிற்க, புதுசு மேலே மேலே ஏறி, இப்போது கம்பெனியின் கறுப்பு எழுத்துக்கு நேர் கீழே வந்து முட்டிக்கொண்டு நின்றது. தோட்டமே காலையில் அந்த வழியாகப் போய் அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனது.

ரமணி கடைசி மூன்று வரியை உரக்கப் படித்தாள்.

"திங்கள். குழாயில் தேத்தண்ணி நிறத்தில் வருது. சீனி மட்டும் கம்பெனி கொடுத்தால் போதும். செவ்வாய். மருந்தக டிரஸர் லீவு. காய்ச்சல்காரர்கள் தயவு செய்து அடுத்த வாரம் காய்ச்சலோடு வரவும். இன்னைக்குது, புதன். மின்சாரம் வந்து எட்டிப் பார்த்தது. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனது."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். முடியவில்லை. அப்பளசாமி முறைத்தார்.

"எங்களுக்கு யாருன்னு கண்டுபிடிக்கத் தேவையில்ல. மேல் காட்டுல பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற முருகையாதான். அவன்தான்னு ஒரு ஆதாரம் எடுத்துக் கொடுத்தா போதும். சனிக்கிழமை கோலாலம்பூர் ஆபீசுலேருந்து கம்பெனிப் பெரிய தலை டத்தோ வர்றாரு. அதுக்குள்ள அவன் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிடணும். அது தொரை உத்தரவு."

"முருகையாதான்னு எப்படித் தெரியும்?" என்றார் உமாபதி.

"மழை பேஞ்ச நாள்ல எழுத்து வர்றதில்ல சார். மழை பேஞ்சா மரம் வெட்டுறவங்க வீட்ட விட்டு எறங்க மாட்டாங்க. அப்ப எழுதுறவன் மரம் வெட்டுறவன். அவங்கள்ல தொரை மொகத்துக்கு நேரா நின்னு தண்ணி கேட்டவன் ஒருத்தன்தான் இருக்கான்."

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். கெட்டிக்காரத்தனமான கணக்குதான் என்று ரமணிக்கே தோன்றியது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"காவலுக்கு ஆள் போடலியா?"

"ஜாகா வீரன நேரா பலகைக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்கார வச்சேன். பொழுது விடியுற வரைக்கும் ஒரு பய வரல. விடிஞ்சப்ப பலகை சுத்தமா இருந்துச்சு. பசியாறிட்டு வந்து பாத்தா எழுத்து நிக்குது."

"தூங்கியிருப்பாரு" என்றாள் ரமணி.

"இந்தத் தோட்டத்துக் கொசு அவனத் தூங்க விடாது."

"அதையும் வசதியில சேத்து எழுதியிருக்கலாமே ஐயா."

உமாபதி குறுக்கே வந்தார். "பலகையவே கழட்டி எடுத்துட்டா என்னா?"

"கம்பெனி அடிக்கிற வருஷப் புத்தகத்துல இந்தப் பலகை படம் போட்டிருக்கு சார். டத்தோ வந்து எங்கன்னு கேப்பாரு. ரெண்டு வாட்டி வெள்ள பெயிண்டு அடிச்சுப் பாத்தோம். ஆறே நாள்ல திரும்ப ஏறிருச்சு. தெனமும் ஆள விட்டுத் தொடைக்கிறோம். தொடச்சா போவுது. மறுநாளு பழசும் புதுசும் கூடி வருது." குரல் கிட்டத்தட்ட அழுகைக்கு வந்துவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் கத்தினார். "ஏ வள்ளியம்மா, துப்பறியிறவங்க படிச்சு முடிச்சாச்சு. வந்து தொடச்சு விடு."

சடக்குக்கு அந்தப் பக்கம் ஆயாக் கொட்டகை. அங்கிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா வள்ளியம்மா வாளியும் முக்காலியுமாக வந்தாள். நாற்பது வயதிருக்கும். அகலமான முகம், அவசரமில்லாத நடை. உமாபதியைப் பார்த்து, "நீங்கதான் கண்டுபிடிக்க வந்தவங்களா? நல்லா கண்டுபிடிங்க சார்" என்று சொல்லிவிட்டு முக்காலியில் ஏறினாள். தோளில் ஒரு துணி, வாளியில் ஒரு துணி.

கிராணி ஆபீசுக்குள் போனார். உமாபதியும் ரமணியும் வந்த மோட்டார் சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டுக் கீழ் லயத்துக்கு நடந்தார்கள்.

முருகையா வீட்டு வாசலில் அவருடைய மனைவி நாகமணி பானை சட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். முருகையா படியில் உட்கார்ந்து பால்மரக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வீட்டை விட்டுப் போகப்போகிற மனிதன் வியாழக்கிழமை வேலைக்குக் கத்தி தீட்டுவதைப் பார்த்ததுமே ரமணிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"வாங்க. இன்சூரன்ஸா?" என்றார் அவர்.

"இல்லீங்க, பலகை விசயமா வந்திருக்கோம். துப்பறியிறவங்க" என்றாள் ரமணி.

"அடடே. துப்பறியிற அளவுக்கு வந்திருச்சா? எனக்குத் தெரியாதே."

"பலகையில எழுதுறது நீங்களா?" என்றார் உமாபதி.

"நான் இல்ல."

"தொரைகிட்ட அதச் சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? நான் எழுதலன்னு கும்பிட்டு நின்னா, எழுதுனது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதுல எழுதியிருக்கிறதுல எது பொய்யின்னு மொதல்ல தொரையச் சொல்லச் சொல்லுங்க. அப்புறமா நான் எழுதுனேனா இல்லியான்னு பேசுவோம்."

நாகமணி சாக்குக் கயிற்றை இறுக்கிக்கொண்டே திரும்பினாள். "இந்த வாய்க்குத்தான் நான் சட்டி கட்டுறேன். கலும்பாங்குல என் தம்பிக்கு ஒரே ரூம்பு. அதுல அவங்களே ஆறு உருப்படி. நாங்க நாலு பேரு போயி எங்க படுக்கிறது? எழுதியாச்சும் தொலைச்சிருக்கலாம்லா. வீடு போனாலும் பேராவது மிஞ்சியிருக்கும்."

அவள் அழவில்லை. கோபத்தில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது. மகன் பாலன் பிறந்தது இந்த வீட்டில், அவன் தங்கச்சி பிறந்தது இந்த வீட்டில், மாமியாரைத் தூக்கிப் போனது இந்த வாசல் வழியாக என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ரமணி குனிந்து ஒரு சட்டியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், வீட்டைக் காலி பண்ண உதவி செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. பிடுங்கித் திரும்பக் கீழே வைத்தாள்.

திரும்பி வந்து ஆபீசுப் பக்கத்து மரத்தடிக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பலகை நன்றாகத் தெரிந்தது. துடைத்து முடித்த வெள்ளை, வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

"அண்ணே, அவரு இல்ல" என்றாள் ரமணி.

"எப்படிச் சொல்ற?"

"எழுதியிருந்தா மார்தட்டிச் சொல்லியிருப்பாரு. அந்த ஆளுக்குப் பொய் சொல்றதுக்குப் பொறுமை கெடையாது."

"அது ஆதாரம் இல்ல ரமணி."

"உங்களுக்கு ஆதாரம் வேணும்னா கடையில போயி வாங்கிட்டு வரவா? கிலோ என்னா வெலை?"

அப்போது ஸ்டோரிலிருந்து பால் ஏற்றிய லோரி ஒன்று செம்மண் சடக்கில் உறுமிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஒரு புழுதி மலை. கடைக்காரர் பழக்கப்பட்டவர், கோப்பிக் கோப்பைகளைத் தட்டுப் போட்டு மூடினார். லோரி பலகையைக் கடந்து போனது. புழுதி அதை அப்படியே விழுங்கிற்று. பிறகு காற்றடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

ரமணி எழுந்து நின்றுவிட்டாள்.

பலகையில் எழுத்து நின்றது. யாரும் வரவில்லை, யாரும் தொடவில்லை. மங்கலாக இருந்த கோடுகள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்து தெளிந்தன. திங்கள், செவ்வாய், புதன். புதனுக்குப் பக்கத்து இடைவெளியில், காலையில் இல்லாத ஒரு புதிய வரி.

துப்பறிய ஆள் வந்திருக்கு. தண்ணி எப்ப வரும்னு அவங்களாவது கண்டுபிடிக்கட்டும்.

அவள் ஓடிப்போய் ஓர் எழுத்தைத் தொட்டாள். விரலில் பசபசவென்று ஒட்டியது. தேய்த்தாள்; சின்ன ரப்பர் நூலாகச் சுருண்டு வந்தது. லயத்தில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரப்பர் பாலு, அண்ணே. வெள்ளையில வெள்ளைய வச்சு எழுதியிருக்கு. காஞ்சா கண்ணுக்கே தெரியாது. லோரி போனா புழுதி எழுத்துல மட்டும் புடிச்சுக்கும். தண்ணித் துணியால தொடச்சா புழுதி போவும், பாலு போவாது. அதான் பழசும் கூடவே வருது."

"அப்ப மழை நாள்ல ஏன் வரல?"

"மழையில ஏது புழுதி?" என்றவள், அப்பளசாமியின் மீசையை நினைத்து ஒரு நிமிஷம் ஆனந்தப்பட்டாள். "எழுதுறவங்க மழைக்குப் பயந்து வீட்டுல உக்காரல. எழுத்துதான் புழுதிக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கு."

உமாபதி அந்தப் புதிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாம வந்தது யாருக்குத் தெரியும்?"

"கிராணிக்கு."

"முருகையாவுக்கு?"

"தெரியாது. இன்சூரன்ஸான்னு கேட்டாரே. நாம போயிச் சொன்ன பிறகு அவரு வாசலை விட்டு..." ரமணி நிறுத்தினாள். அவள் தலை மெதுவாக ஆயாக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. "அண்ணே, ஒரு பலகையத் தொடைக்க ரெண்டு துணி எதுக்கு?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன். அதுல ஒண்ணு தோள்லேயே இருந்துச்சு, வாளிப் பக்கமே போகல" என்றார் உமாபதி.

ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் பாதி தூங்கின, பாதி தூங்குவதாக நடித்தன. மூலையில் இரண்டு பிள்ளைகள் ரப்பர் பாலில் செய்த பந்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தன. அந்தப் பந்து செய்வதற்காக வள்ளியம்மா வைத்திருந்த பால் டின் அலமாரியின் மேலேயே இருந்தது. பால் உறையாமலிருக்க ஊற்றிய அமோனியா மூக்கைத் துளைத்தது. ரமணி டின்னைப் பார்த்தாள். பிறகு கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள். துணியின் ஒரு முனை விறைத்து ரப்பராகியிருந்தது.

"அழிக்கச் சொன்னாங்க, அழிச்சேன்" என்றாள் வள்ளியம்மா, கேட்பதற்கு முன்பே. "என்னையத் தவிர வேற யாரையும் அந்தப் பலகைகிட்ட அண்ட விட்டதில்ல. முக்காலி கூட கிராணி கொடுத்ததுதான்."

ரமணி துணியின் விறைத்த முனையை மடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்க்கா, அடியிலேருந்து ஆரம்பிச்சு மேல ஏத்துறீங்க?"

"கீழதான் புழுதி நல்லா புடிக்கும். அதோட, புதுசு கம்பெனி எழுத்துக்குப் பக்கத்துல போயி நிக்கட்டும்னு தோணுச்சு. அது ஒண்ணு சொல்லட்டும், இது ஒண்ணு சொல்லட்டும்."

"தனியா ஒரு பலகை வச்சிருக்கலாமே" என்றார் உமாபதி.

"நாங்க வச்சா விடிஞ்சதும் புடுங்கிடுவாங்க சார். இத அவங்களால புடுங்க முடியாது. காலு அவங்க நட்டது. பாதி எடம் சும்மாதானே கெடந்துச்சு." அவள் பாயில் படுத்திருந்த ஒரு பெண் குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். "இது அமராவதி மக. போன மாசம் வாந்தியும் பேதியும் நிக்கல. டிரஸர் இல்ல. லோரி கேட்டா சாவி தொரைகிட்ட இருக்குன்னு கிராணி சொல்லிட்டாரு. அவ புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு அசாம் ஜாவா ரோட்டு வரைக்கும் நடந்தா. பொழச்சுக்கிச்சு. அன்னைக்குத் திரும்பி வந்து அந்தப் பலகையப் பாக்கிறேன், மருந்தகம்னு கொட்டை எழுத்துல நிக்குது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. எரியுறப்ப கைகிட்ட இருந்தது இந்த டின்னுதான்."

"உங்களால முருகையா வீடு போகுதே அக்கா" என்றாள் ரமணி. சொன்ன பிறகு அது கொஞ்சம் கடுமையோ என்று தோன்றியது.

"தெரியும். சனிக்கெழம காலையில டத்தோ முன்னாடி நானே போயி நின்னு சொல்லப் போறேன். என்னைய வேணும்னா தொரத்தட்டும். எழுதுனதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் ரமணி உமாபதியின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, அந்தம்மா பேரை எழுதி அந்தக் கிராணி கையில கொடுத்தீங்கன்னு வைங்க, மோட்டார் சாவிய இப்பவே வாங்கிக்குங்க. நான் பஸ்ஸுல போயிடுறேன்."

"கிராணி நம்மள என்னா கேட்டாரு?"

"முருகையாதான்னு ஆதாரம் கேட்டாரு."

"யாருன்னு கேட்டாரா?"

"அது தேவையில்லன்னாரு."

"கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றது எனக்குப் பழக்கம் இல்ல" என்றார் உமாபதி. ரமணி அவருக்கு வழி விட்டாள்.

அன்று மாலையே அவர் தொரையைப் பார்த்தார். தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். வழுக்கைத் தலை, இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை, குறுக்கே பேசினால் பிடிக்காத முகம். உமாபதி சொன்ன யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாளைக்குப் பலகைக்கு மறுபடி வெள்ளையடியுங்கள். வெள்ளி சாயங்காலம் நன்றாகத் துடைத்து வையுங்கள். சனிக்கிழமை விடிந்ததும் பலகை சுத்தமாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பார்த்த கையோடு முருகையாவைக் கூப்பிட்டு உங்கள் கண் முன்னால் ஆபீசில் உட்கார வையுங்கள். டத்தோ வந்து சேரும் வரை எழுத்து வரவில்லை என்றால் அவர்தான்; அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணட்டும். எழுத்து வந்தால் அவர் இல்லை, வீடு அவருக்கே.

"எழுத்து எப்படி வரும், அவன் என்கிட்ட உக்காந்திருக்கிறப்ப?" என்று சிரித்தார் தொரை. அப்பளசாமியைச் சாட்சி வைத்து ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வெள்ளையடித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை வள்ளியம்மா முக்காலி போட்டுத் துடைத்தாள். கிராணி இன்னும் நன்றாகத் துடைக்கச் சொன்னார். அவளும் மறுபடி ஏறித் துடைத்தாள். அன்றைக்கு இரவு மழை கொட்டித் தீர்த்தது.

சனிக்கிழமை காலை ரமணி சடக்கைப் பார்த்தாள். செம்மண் குழைந்து பளபளத்தது. லோரி போனது, டயரில் சேறுதான் ஒட்டியது. பலகை வெள்ளை வெளேரென்று நின்றது. ஆபீசுக்குள் பெஞ்சில் முருகையா கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். மரத்தடியில் நாகமணி, சாக்கு மூட்டைகள், இரண்டு பிள்ளைகள். ஜன்னலில் தொரை அடிக்கடி வந்து பலகையைப் பார்த்துவிட்டு, பிறகு மூட்டைகளைப் பார்த்தார். அவருடைய முகம் நேரம் ஆக ஆக மலர்ந்தது.

"வானத்த நம்பி அடுத்தவங்க வீட்ட வச்சு ஆடிட்டீங்க அண்ணே" என்றாள் ரமணி. இந்த முறை கேலி இல்லை. "எட்டு மணிக்கு டத்தோ வருவாரு. எட்டு மணிக்கு இந்தச் சேறு காயுமா?"

உமாபதி கோப்பியை ஊதிக் குடித்தார். "வானத்த நம்பல. டத்தோவ நம்பினேன். பெரிய மனுசங்க சொன்ன நேரத்துக்கு வந்து நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

எட்டு மணிக்கு டத்தோ வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பூமாலையோடு நின்ற தோட்டத்து மக்கள் முதலில் கால் மாற்றி நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். மாலையிலிருந்த பூ வாடத் தொடங்கியது. மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. ரமணி அரை மணிக்கொரு தரம் போய்ச் செருப்பால் சடக்கைக் கிளறிப் பார்த்தாள். சேறு இறுகியது. வெளிறியது. பன்னிரண்டு மணி வெயிலில் மிதித்தால் பொடியாகப் பறந்தது. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தார். ரமணி அதே கடிகாரம் இன்னும் ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். தாமதமாகிவிட்ட பெரிய மனிதர்கள் எப்படி வருவார்களோ அப்படி வந்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பெரிய கார்கள், பறந்துகொண்டு. மூன்று லோரிக்குச் சமமான புழுதி எழும்பிப் பலகையையும் ஆபீசையும் மாலைக்காரர்களையும் ஒன்றாக மூடியது. எல்லாரும் இருமினார்கள். ரமணி மட்டும் வாயைத் திறந்தபடி நின்றாள். செம்மண்ணை நன்றாகவே தின்றாள்.

புழுதி அடங்கியபோது டத்தோ காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பலகை அவருக்கு நேர் எதிரே இருந்தது. இந்த முறை ஒரே செய்திதான். வெள்ளையின் முழு அகலத்துக்கும், ஒவ்வோர் எழுத்தும் சாண் உயரத்துக்கு.

சனி. வாங்க டத்தோ. வந்தவங்க தண்ணி குடிக்காமப் போகக் கூடாது. எங்க குழாய்த் தண்ணி ஒரு கிளாஸ் குடிங்க.

மக்கள் பக்கம் முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு யாரோ கை தட்டினார்கள். இன்னும் பலர் தட்டினார்கள். டத்தோ அது தனக்கான வரவேற்பு என்று நினைத்துத் தலையசைத்தார். தொரை ஜன்னலிலிருந்து வாசலுக்கு ஓடி வந்தார்.

"எழுத்து வந்திருச்சு தொரை. முருகையா உங்க பெஞ்சுல உக்காந்திருக்காரு" என்றார் உமாபதி.

"அப்ப இது யாரு?"

"அத நீங்க கேக்கலியே."

தொரையின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் டத்தோ பக்கத்தில் வந்துவிட்டார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். அப்பளசாமி முந்திக்கொண்டு, "வரவேற்பு எழுதியிருக்காங்க டத்தோ" என்று மலாயில் சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் இருக்கு டத்தோ" என்றாள் ரமணி. மிச்சத்தையும் மலாயில் சொன்னாள், ஒரு சொல் விடாமல். தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் பேசிய அதே குரலில்தான் சொன்னாள். அன்றைக்கு வேலை போயிற்று. இன்றைக்கு எது போனாலும் போகட்டும் என்றிருந்தது.

டத்தோ பலகையைப் பார்த்தார். கறுப்பு எழுத்து, அதன் கீழே சிவப்பு எழுத்து. "நல்லது. தண்ணீர் எங்கே?" என்றார்.

மரத்தடியில் நாகமணி எழுந்தாள். கட்டிய சாக்கைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிக் கிளாசை எடுத்து, முந்தானையில் துடைத்து, ஆபீசு ஓரத்துக் குழாயைத் திறந்து பிடித்தாள். குழாய் ஒருமுறை இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை குறையாமல் நீட்டினாள். பழுப்புத் தண்ணீரில் ஏதோ ஒரு துணுக்கு சுற்றிச் சுற்றி இறங்கியது.

டத்தோ வாங்கினார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். பிறகு கிளாசைத் தொரையிடம் நீட்டினார்.

"நீங்கள் முதலில்."

தொரை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க முடியாது. கிளாஸ் அவர் மார்பு வரை வந்து நின்றது.

"குடிங்க தொரை. எங்க புள்ளைங்க தெனமும் அதைத்தான் குடிக்குது" என்றாள் நாகமணி.

அவர் குடிக்கவில்லை. தோட்டமே அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆயாக் கொட்டகை வாசலில் வள்ளியம்மா இடுப்பில் அமராவதியின் மகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்; டத்தோவிடம் சொல்ல வைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. நாகமணி தொரையைச் சுற்றிக்கொண்டு ஆபீசு வாசலுக்குப் போய் உள்ளே பெஞ்சிலிருந்த முருகையாவை எட்டிப் பார்த்தாள்.

"எந்திரிச்சு வாங்க. சட்டி பானையெல்லாம் திரும்ப வீட்டுல தூக்கி வைக்கணும், என்னால ஒத்தையா முடியாது."